பத்தொன்பது அங்குலப் பெட்டி

பெட்டி உள்ளே போகவில்லை.

முத்துக்கிருஷ்ணன் ஒரு பக்கமும் ஜெரோம் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கி, ரேக்கின் இரண்டு தூண்களுக்கும் நடுவே வைத்து நெட்டித் தள்ளினார்கள். வலது மூலை இடித்தது. வலதை விட்டுக்கொடுத்து இடதை முதலில் நுழைத்தார்கள். அப்போது இடது இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்கள். இரும்பும் இரும்பும் உரசிப் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே தவிர, பெட்டி நுழைகிற வழியாக இல்லை.

"ஏலே, எறக்கி வை. எனக்குக் கை கடுக்குது," என்றான் ஜெரோம்.

இறக்கி வைத்தார்கள். ஜெரோம் மேஜை டிராயரிலிருந்து டேப்பை எடுத்துப் பெட்டியை ஒரு தடவை அளந்தான், தூண்களின் இடைவெளியை ஒரு தடவை அளந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எந்தச் சிரிப்புச் சிரிப்பானோ அதே சிரிப்பு.

"பெட்டி எத்தன இஞ்ச் அகலம்னு சொன்ன?"

"பத்தொம்பது. பத்தொம்பது இஞ்ச் ரேக்குதானே இது?"

"பத்தொம்பதுங்கிறது மூஞ்சிக்குடா, ஒடம்புக்கு இல்ல. முன்னால ஒரு பலகை இருக்கும் பாத்தியா, ரெண்டு பக்கமும் காது வச்சு, அந்தக் காதுலதான் திருகாணி. அதுக்குத்தான் பத்தொம்பது. ஒடம்பு இந்த ரெண்டு தூணுக்கு நடுவுல போகணும். பதினேழே முக்கால்தான் எடம். நீ ஒடம்பையே பத்தொம்பதுக்குச் செஞ்சு, அதுல காதும் வச்சுக் கொண்டாந்திருக்க."

முத்துக்கிருஷ்ணனுக்கு அவமானமாக இருந்தது. வேடசந்தூர் ரோட்டில் நூல் மில்லொன்றில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்ப்பவன் அவன். டிப்ளமா படித்தவன். மில்லில் ஒரு பேரிங்கை மாற்றுவதென்றால் மூன்று முறை அளக்காமல் கை வைக்க மாட்டான். இங்கே, நாலு வீடியோவில் பத்தொன்பது இஞ்ச், பத்தொன்பது இஞ்ச் என்று கேட்டுவிட்டு, நேராகப் பட்டறையில் போய் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஜெரோம் திருச்சி ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற ஆபீஸ் வைத்திருந்தான். அந்த ரேக் ஆளுயர இரும்புச் சட்டம். மேட்டுப்பட்டி முதல் நாகல்நகர் வரை பல தெருக்களின் நெட் அதில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருந்த கருவிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அடித்தட்டு காலியாக இருந்தது. அந்த அடித்தட்டைத்தான் முத்துக்கிருஷ்ணன் கேட்டு வாங்கியிருந்தான். ஜெரோம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஒழுங்கா ஒரு பெட்டிக்குள்ள போட்டுக் கொண்டா. கட்டைல கட்டி வச்சிருக்கியே, அந்தக் கோலத்துல இங்க ஏத்த மாட்டேன்."

கட்டையில் கட்டி வைத்திருந்தது ஆறு கிராபிக்ஸ் கார்டுகள். ஆறையும் ஒரே மதர்போர்டில் கோத்து இரவும் பகலும் கணக்குப் போட வைத்தால், அந்தக் கணக்குக்குக் கூலியாகக் கண்ணில் காணாத ஒரு காசு துளித்துளியாகச் சேரும். இதை மைனிங் என்பார்கள். தமிழில் சொன்னால் தோண்டுவது. அவன் மாமனார் சின்னக்கண்ணு எரியோட்டில் விவசாயம் பார்க்கிறவர். இந்த விஷயத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து போனில் வேறு நலமே விசாரிப்பதில்லை.

"என்ன மாப்ள, எத்தன அடி போயிருக்கீக? தண்ணி வந்துச்சா, இன்னும் பொகையாவே கெளம்புதா?"

அவர் ஊரில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, தண்ணீர் வராமல் வெறும் பாறைத்தூளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். அந்த வரிசையில்தான் மாப்பிள்ளையையும் சேர்த்திருந்தார்.

தீபா பிரசவத்துக்குத் தாய்வீடு போன பிறகுதான் அவன் இதைக் கட்டினான். மாடி வீட்டில் ஏசி இருக்கிற ஒரே அறை உள்ரூம். அங்கே ஏசிக்குக் கீழே மரச்சட்டம், அதில் ஆறு கார்டு, ஆறுக்கும் பதினெட்டு விசிறி, தரையெல்லாம் ஒயர். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சிவனம்மாள், வாரத்துக்கு ஒரு தடவை படியேறி வந்து, "என்னப்பா, மேல மாவு மில்லு ஏதும் வச்சிருக்கியா? தல மேலயே அரைக்குது," என்று கேட்டுவிட்டுப் போவார்.

மில்லில் அவன் கை படுகிற இயந்திரம் எல்லாம் எவனோ செய்து, எவனோ வாங்கிப் போட்டது. பழுதானால் கூப்பிடுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். இந்த ஒன்றுதான் அவனே பொறுக்கி, அவனே கோத்து, அவனே உயிர் கொடுத்தது. இதை விற்க அவனுக்கு மனசில்லை.

ஆனால் இப்போது பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். விஜயதசமி அன்று காலையில் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. தீபா போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"அந்த ரூம்ல அது ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு வைங்க, ஆரத்தித் தட்டக்கூடத் தாண்ட மாட்டேன். அதே வண்டில திரும்பி எரியோட்டுக்குப் போயிருவேன். பச்சப்புள்ள தூங்குற எடத்துல அந்தச் சூடும் சத்தமும் ஆகாது. மதுரையில எங்கண்ணன் ஒருத்தர்ட்ட சொல்லி வச்சிருக்கு. அப்படியே எடுத்துக்கிறாராம். வித்துருங்க."

"விக்க வேணாம் தீபா. ஜெரோம் ஆபீஸ்ல எடம் கேட்டிருக்கேன். நீ வர்றதுக்குள்ள அங்க மாத்திருவேன்."

"மாத்திட்டா எனக்கென்ன. எங்கிட்டாவது ஓடட்டும்."

விஜயதசமிக்குச் சரியாக ஒரு வாரம்தான் இருந்தது. அவன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாகல்நகர் பட்டறைக்குப் புறப்பட்டான்.

*

சோலைமலையின் பட்டறையில் பீரோ செய்வார்கள், நகைக்கடைக்கு இரும்புப் பெட்டி செய்வார்கள், கோயிலுக்கு உண்டியல் செய்வார்கள். சோலைமலைக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அளக்கும்போது மட்டும் மூக்குக்கு ஏறும்.

பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. டேப்பை எடுத்தார்.

"நீங்க எம்புட்டுச் சொன்னீக?"

"பத்தொம்பதுண்ணே."

"நான் எம்புட்டுல செஞ்சிருக்கேன்? இந்தா, நீங்களே புடிச்சுப் பாருங்க. ஒரு நூல் கூட்டிக் கிடையாது, ஒரு நூல் கொறைச்சுக் கிடையாது."

இஞ்சில் எட்டில் ஒரு பங்கு நூல். பட்டறையில் அதற்குக் கீழே போனால் அது கண்ணளவு.

"இல்லண்ணே, தப்பு..."

"இங்கிட்டு வாங்க." அவர் சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாதத் தாளொன்றைக் கிழித்தார். பெட்டியின் மூடியை அமுக்கி, மூடிக்கும் விளிம்புக்கும் இடையே தாளைச் செருகப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். தாள் மடங்கியதே தவிர நுழையவில்லை. "பேப்பர் போகுதா? எங்க பட்டறைப் பெட்டில பேப்பர் போச்சுன்னா அத நான் வெளியவே விட மாட்டேன். வேலைல குத்தம் இருந்தாச் சொல்லுங்க."

அந்த இடத்திலேயே முத்துக்கிருஷ்ணனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவன் மனசெல்லாம் பதினேழே முக்காலிலேயே இருந்தது.

"வேலைல குத்தமே இல்லண்ணே. அளவு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அதச் சொல்லுங்க," என்றார் சோலைமலை. கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. முகமும் பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது. "குறுக்கி வெட்டி ஒட்டுனா ஒட்டுப்போட்ட சட்டையாட்டம் தெரியும். அது வேணாம். புதுசாவே செஞ்சு தாரேன். இத நீங்களே வச்சுக்கோங்க, அரிசி கொட்டி வைக்கலாம்."

இந்தத் தடவை முத்துக்கிருஷ்ணன் வாயை நம்பவில்லை. வெள்ளைத் தாளில் அடிக்கோல் வைத்துப் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். முகம் பத்தொன்பது. உடம்பு பதினேழரை. உயரம் ஏழு. நீளம் இரண்டடி. பின்னால் ஒயர் மட்டும் இறுக்கமாக நுழைய ரப்பர் வளையம் வைத்த ஒரு துளை. ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினான்.

"இது எல்லாத்தையும் விட முக்கியம் காத்துண்ணே. முன்னால இழுத்துப் பின்னால தள்ளணும். காத்துப் போகாட்டி மிஷின் வெந்துரும்."

"லூவர் அடிச்சிருவோம். தகட்டக் கீறி வளைச்சு விட்டா அந்த இடுக்கு வழியாக் காத்துப் போகும்."

"நெறைய அடிங்க."

"மீன் செவுளாட்டம் வரிசையா அடிச்சுத் தாரேன். பாக்கவே லட்சணமா இருக்கும்."

"லட்சணம் வேணாம்ணே, காத்து வந்தாப் போதும்."

"ரெண்டும் சேந்துதான் தம்பி வரும்."

"அப்பறம், பூட்டு வேணாம். கலரு கறுப்பு."

சோலைமலை நிமிர்ந்து பார்த்தார். இட்லிக் கடையில் போய்ச் சட்னி வேண்டாம் என்று சொன்னவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"உள்ள என்ன இருக்கும்?"

"மிஷினுண்ணே. கம்ப்யூட்டர் மாதிரி."

"என்ன செய்யும்?"

முத்துக்கிருஷ்ணன் இந்தக் கேள்விக்கு மாமனாரிடம், சிவனம்மாளிடம், மில்லில் சூப்பர்வைசரிடம், தீபாவின் அண்ணனிடம் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தான். கார்டு, கணக்கு, கூலி என்று முதலிலிருந்து ஆரம்பிக்க அவனுக்குத் தெம்பில்லை.

"காசு தோண்டும்ணே," என்றான்.

"காசா?"

"ஆமா. கண்ணுக்குத் தெரியாத காசு."

சோலைமலை செத்த நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

*

பார்த்துக்கொள்கிறேன் என்றவரை அதன் பிறகு பிடிக்க முடியவில்லை. முதல் நாள் போன் போட்டால், "தகடு வந்துருச்சு." மறுநாள், "மடிச்சாச்சு." அதற்கு மறுநாள் அந்தப் பக்கம் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய நாள். அதற்கு மறுநாள், "கலருக்குப் போயிருக்கு." ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சீர் பீரோக்கள் வரிசை கட்டி நிற்பதால், பவுடர் கோட்டிங் போடுகிற இடத்தில் அடுப்பு காலியில்லை. அடுத்த நாளும் "கலருக்குப் போயிருக்கு"தான். கடைசியில் ஆயுத பூஜை அன்று காலையில் அவரே கூப்பிட்டார்.

"பெட்டி ரெடி. சாமி கும்பிடுறதுக்கு முன்ன வந்து எடுத்துருங்க. அப்பறம் பட்டற படுத்துரும்."

மில்லில் பூஜையை முடித்துவிட்டு ஓடினான். பட்டறையில் தரை கழுவி விட்டிருந்தார்கள். நடுவில், கழுவிய சிமெண்ட் தரையில், பெட்டி உட்கார்ந்திருந்தது. கறுப்பில்லை. கல்யாணச் சீர் பீரோவுக்கு அடிக்கிற அந்த மினுமினுத்த காப்பிக் கலர். முன்பக்கம் மீன் செவுள் போல் லூவர், வரிசை பிசகாமல், உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே மூடியைக் கவ்விக்கொண்டு ஒரு பூட்டு.

"கறுப்புச் சொன்னேனேண்ணே."

"ஆயுத பூஜையும் அதுவுமாக் கறுப்பா ஒரு பெட்டிய எறக்கச் சொல்றீகளா?"

"பூட்டு வேணாம்னு சொன்னேன்."

"பூட்டு இல்லாம ஒரு பெட்டி இந்தப் பட்டறைப் படி எறங்குனதில்ல. அதுக்கு உங்ககிட்ட ஒன்னும் கேக்கல, விடுங்க." அவர் வெற்றிலையில் மடித்து வைத்திருந்த இரண்டு சாவிகளை எடுத்து அவன் கையில் வைத்தார். வெற்றிலையில் மஞ்சள் தடவியிருந்தது. "இத வீட்டம்மா கைல குடுக்கணும். புதுப் பெட்டிச் சாவிய பொம்பளைக கைலதான் குடுப்போம், அதுதான் முறை."

"அவ ஊர்ல இருக்காண்ணே. நாளைக்குத்தான் வாரா."

"அப்ப நாளைக்குக் குடுங்க."

காலண்டர் தாளால் ஒரு முறை மூடியைச் சோதித்துக் காட்டாமல் அவர் விடவில்லை. தாள் போகவில்லை. முத்துக்கிருஷ்ணன் டேப்பை வாங்கி உடம்பை மட்டும் அளந்தான். பதினேழரை. போதும் சாமி என்று வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் பெட்டிக்குள் எல்லாம் ஏறிவிட்டது. ஜெரோமின் ஆபீஸில் உட்கார்ந்துதான் பொருத்தினான். ஜெரோம் கிறிஸ்தவன், அவனுடைய ஸ்க்ரூ டிரைவருக்குப் பூஜை கிடையாது. உள்பக்கம் வழவழவென்று இருந்தது. வெளியே இருக்கிற லூவர் உள்ளே தெரியவில்லை என்பது முத்துக்கிருஷ்ணன் கண்ணில் படத்தான் செய்தது, புத்தியில் படவில்லை. அவன் மூளையில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி: உள்ளே போகுமா? அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பெட்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் தூண்களுக்கு நடுவே இறங்கியது. காதுகள் இரண்டும் தூணில் அமர்ந்தன. நாலு திருகாணி. சுவிட்சைப் போட்டான். ஆறு கார்டும் கண் விழித்தன.

"மூஞ்சி பத்தொம்பது, ஒடம்பு பதினேழரை. சினிமா ஹீரோதான் போ," என்றான் ஜெரோம்.

முத்துக்கிருஷ்ணன் வீட்டுக்கு ஓடிப்போய் உள்ரூமைக் கூட்டித் துடைத்தான். மரச்சட்டத்தை உடைத்துக் கீழே கொண்டுபோய்ச் சிவனம்மாளிடம் கொடுத்தான். "அவரைக் கொடிக்கு ஊணிக்கிறேன்," என்று அவர் அப்போதே மண்ணைப் பறித்து ஊன்றத் தொடங்கிவிட்டார். தொட்டில் கட்டக் கொக்கியைத் துடைத்து, கயிறு மாற்றினான். அறை விசாலமாக, அமைதியாக, குளுகுளுவென்று ஆகிவிட்டது. தீபாவுக்குப் படம் பிடித்து அனுப்பினான். அவள் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் அனுப்பினாள்.

அப்போதுதான் ஜெரோம் கூப்பிட்டான். சிரிப்பில்லாத குரல்.

"ஏலே, இங்க வா. ஒடனே வா."

*

ஆபீஸுக்குள் நுழையும்போதே ஏசியையும் மீறிச் சூடு முகத்தில் அடித்தது. திரையில் வெப்ப அளவு எண்பதைத் தாண்டித் தொண்ணூறுக்கு ஏறிக்கொண்டிருந்தது. விசிறிகள் எல்லாம் அடித்தொண்டையில் அலறின. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டு அணைந்தது, அதற்கடுத்து இன்னொன்று.

முத்துக்கிருஷ்ணன் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினான். மில்லில் வேலை பார்க்கிறவன் பாக்கெட்டில் எந்நாளும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். மில்லில் ஒரு குழாய் காற்றை இழுக்கிறதா இல்லையா என்று பார்க்க மீட்டரெல்லாம் தேடமாட்டார்கள். ஒரு திரி பஞ்சைப் பிய்த்து வாயருகே பிடிப்பார்கள். அவனும் பிய்த்து, லூவருக்கு முன்னால் பிடித்தான்.

பஞ்சு அசையவில்லை.

மேல் வரிசையில் பிடித்தான், கீழ் வரிசையில் பிடித்தான், எழுந்து பின்பக்கம் போய்ப் பிடித்தான். விட்டால் அப்படியே நேராகத் தரையில் விழுந்தது. ஜெரோமின் போன் டார்ச்சை லூவர் இடுக்கில் அடித்துக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு செவுளுக்கும் பின்னால், ஒரு நூல் இடைவெளி விட்டு, ஒரே தகடு. நாலு விளிம்பிலும் நெருக்க நெருக்கப் பொட்டு வைத்தது போல ஸ்பாட் வெல்டிங். அதன் மேல் அதே காப்பிக் கலர்.

"உள்ள மூடி வச்சிருக்கான்டா," என்றான் முத்துக்கிருஷ்ணன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "லூவர் அடிச்சு, அதுக்குப் பின்னால மூடி வச்சிருக்கான்."

ஜெரோம் சிரிக்க வாயெடுத்தான். அதற்குள் போன் அடித்தது. எடுப்பதற்குள் இன்னொரு போன். மேலே இருந்த அவனுடைய கருவி, கீழிருந்து வந்த சூட்டில் தானாக அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. பண்டிகை நாள், ஊர் முழுக்க வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற நேரம்.

"ஆமாம்மா... தெரியும்மா... அஞ்சு நிமிசம்மா." போனை வைத்தவன் திரும்பினான். "மேட்டுப்பட்டி பூராவும் நெட்டு போச்சு. எடுறா அத."

"மூடியக் கழட்டிட்டு ஓட்டிப் பாக்கலாமா?"

"அந்தச் சூடு நேரா எங்க போகும்? எங்கருவி மேலதானே போகும்? எடு முத்து. காத்து வர்ற பெட்டியோட வா, வேணாங்கல. இன்னிக்கு எடு."

முத்துக்கிருஷ்ணன் ஆபீஸில் இருந்த சுவர்த் துளையிடும் மிஷினை எடுத்துத் தகட்டில் வைத்துப் பார்த்தான். சோலைமலை உள் தகட்டுக்கு நகைக்கடைப் பெட்டிக் கனத்தைப் போட்டிருந்தார் போல. துளைக்கிற முனை வழுக்கி, பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, முறிந்து தெறித்தது.

*

பட்டறையில் பூஜை முடிந்திருந்தது. கிரைண்டர், சுத்தியல், வெல்டிங் கை, வெட்டுக்கத்தி எல்லாம் வாழையிலை மேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் நிலக்கோட்டை மல்லிகை. வெள்ளை வேட்டி கட்டிய சோலைமலை, வருகிறவர்களுக்குப் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். முத்துக்கிருஷ்ணன் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

"பெட்டி எப்புடி? உள்ள போச்சா?"

"பெட்டி போச்சுண்ணே. காத்துத்தான் போகல. லூவருக்குப் பின்னால தகடு வச்சு அடைச்சிருக்கீங்க!"

"ஆமா," என்றார் சோலைமலை, பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல.

"ஏண்ணே அடைச்சீங்க?"

"உள் தகடு இல்லாம லூவர் வைக்கிறதா? நாளைக்கு எவனாச்சும் ஒரு கம்பிய வளைச்சு உள்ள விட்டு, பூட்ட நெம்பிட்டான்னு வைங்க, யார் பேரு கெடும்? இம்புட்டு வருசத்துல நம்ம பெட்டிக்குள்ள ஒருத்தன் ஒரு ஊசிய நுழைச்சதில்ல தம்பி."

"நான் காத்துன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"காத்துன்னீக, லூவர் வச்சேன். காசுன்னும் சொன்னீக, தகடு வச்சேன். ரெண்டையும் நீங்கதான சொன்னீக?"

"அது கண்ணுக்குத் தெரியாத காசுண்ணே! அத யாரு கம்பி விட்டு எடுக்கப் போறா?"

"கண்ணுக்குத் தெரியாத காசுன்னா இன்னும் பத்திரமா வைக்கணுமா இல்லியா? போனாக்கூடத் தெரியாதே."

முத்துக்கிருஷ்ணனுக்குக் கையிலிருந்த பொரிகடலைப் பொட்டலத்தைச் சுவரில் வீசி அடிக்கலாம் போல இருந்தது. பிரசாதமாயிற்றே என்று பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி. கிரைண்டரக் குடுங்க. நானே அறுத்துக்கிறேன். ஒரு மணி நேரம்."

சோலைமலை அவனைப் பார்த்தார். பிறகு வாழையிலையில் மல்லிகை சூடிப் படுத்திருந்த கிரைண்டரைப் பார்த்தார்.   அன்று காலை மில்லில் தன் ஸ்பேனர் செட்டுக்குத் தானே சந்தனம் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தவன்தான் முத்துக்கிருஷ்ணன். இன்றைக்கு இந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே வாழையிலைதான்.

"நாளைக்கு விடியக்காலம்?"

"விஜயதசமி தம்பி. மொத வேலை புதுசா ஒன்னப் பொருத்தித்தான் ஆரம்பிக்கணும். அறுக்குறதுல ஆரம்பிச்சா வருசம் பூராவும் அறுந்துக்கிட்டே போகும். மத்தியானத்துக்கு மேல கொண்டாங்க, மொத வேலை முடிஞ்சதும் உங்க வேலைதான்."

மத்தியானத்துக்கு மேல். காலை ஒன்பதுக்குத் தீபா வாசலில் நிற்பாள்.

*

பெட்டியை உள்ளே இருந்தவற்றோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ரூம் சுவரோரம் வைத்தான். வேறெங்கே வைப்பது? மரச்சட்டம் கீழே அவரைக் கொடிக்கு ஊன்றப்பட்டுவிட்டது. முதல் பெட்டி, அந்தப் பத்தொன்பது இஞ்சு, சமையலறையில் அரிசியோடு நிற்கிறது. காலையில் எழுந்ததும் இதை மொட்டைமாடிப் படிக்குக் கீழே தள்ளிவிட வேண்டும், துணி போட்டு மூடிவிட வேண்டும் என்று திட்டம் வைத்துத்தான் படுத்தான்.

எரியோட்டுக்காரர்கள் திட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. வெயிலுக்கு முன்னால் போய்விடுவோம் என்று சின்னக்கண்ணு சொல்ல, வண்டி முன்கூட்டியே கிளம்பி, அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் அடித்தது. சிவனம்மாள்தான் சமாளித்தார். வண்டியை விட்டு இறங்கியவர்களை அப்படியே நிறுத்தி வைத்து, ஆரத்தி கரைத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் சுற்றி, பொட்டு வைத்து மேலே அனுப்பினார்.

"என்ன மாப்ள," என்றார் சின்னக்கண்ணு, படியேறும்போதே. "தண்ணி வந்துச்சா?"

"மூடி வச்சிருக்கு மாமா," என்றான் முத்துக்கிருஷ்ணன்.

"மூடியாச்சா? நல்லதாப் போச்சு. தெறந்து போட்டா ஆடு மாடு விழும்."

தீபா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ரூமுக்குப் போனாள். அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏசியின் மெல்லிய ஓசை தவிர ஒன்றுமில்லை. பிறகு அவள் கண் சுவரோரம் போனது.

"இது என்னங்க? புதுசா இருக்கு. குட்டி பீரோவா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாமி அலமாரியில் அவன் வைத்திருந்த மஞ்சள் தடவிய வெற்றிலையை, கூடவே மேலே ஏறி வந்திருந்த சிவனம்மாள் பார்த்துவிட்டிருந்தார். "ஏம்மா, புதுப் பெட்டிச் சாவி இங்க இருக்கு பாரு. உங்கைல குடுக்கணும்னு வச்சிருக்கு," என்று எடுத்து நீட்டினார்.

தீபா பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, மூடியைத் திறந்தாள். உள்ளே ஆறு கார்டும் பல்வரிசை போல நின்றன.

தீபா மூடியைப் பிடித்தபடியே அவன் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குள்ளதான் வச்சிருக்கீங்களா?"

"ஆமா. ஜெரோம் ஆபீஸ்ல சூடு தாங்கல. இன்னிக்கு மத்தியானம் பட்டறைக்குக் கொண்டுபோய்..."

"இது இப்ப ஓடுதா?"

"இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள ஓடாது. காத்துப் போகாது."

"சத்தம்?"

"வராது."

"சூடு?"

"ஓடுனாத்தானே சூடு வரும்."

தீபா குனிந்து மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். மூடிப் பார்த்தாள். "பூச்சி பொட்டு உள்ள போகுமா?" என்று கேட்டாள்.

"பேப்பர்கூடப் போகாது," என்றான் முத்துக்கிருஷ்ணன். சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் குரலில் பேசுகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது.

"அப்பச் சரி." அவள் இடுப்பில் சொருகியிருந்த துணிப்பையை எடுத்தாள். பிள்ளையின் வெள்ளிக் கொலுசு, அரைஞாண், தாய்மாமன் போட்ட கைச்செயின். கடைசி கார்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் அந்தப் பையை வைத்து, மூடி, பூட்டினாள். பூட்டு நல்ல சத்தத்தோடு விழுந்தது. இரண்டு சாவியையும் ஊக்கில் கோத்துத் தாலிச் சங்கிலியோடு மாட்டிக்கொண்டாள். பெட்டி மேல் ஒரு துண்டை விரித்து, பவுடர் டப்பாவும் வசம்பும் கிலுகிலுப்பையும் வைத்தாள்.

"விக்க வேணாங்க," என்றாள். "இப்படியே இருக்கட்டும்."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதற்குள் பிள்ளை சிணுங்கியது. தொட்டில் ஆடத் தொடங்கியது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, சின்னக்கண்ணு கூடத்தில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்த நேரத்தில் போன் அடித்தது. பிள்ளை விழித்துவிடப் போகிறதே என்று அவன் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் எடுத்தான். சோலைமலை. பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் உற்சாகமாகக் கேட்டது.

"தம்பி, மொத வேலை முடிஞ்சது. கோயிலுக்கு ஒரு உண்டியல். பெட்டியக் கொண்டாங்க. உள் தகடு பூராவும் அறுத்து எடுத்துத் தாரேன். எனக்கு மனசில்லதான். ஆனாலும் நீங்க கேட்டுட்டீக. தெறந்து, உள்ள இருக்கிறத எடுத்துட்டுக் கொண்டாங்க."

முத்துக்கிருஷ்ணன் கீழே எட்டிப் பார்த்தான். சிவனம்மாளின் அவரைக் கொடி, அவன் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தது.

"சாவி எங்கிட்ட இல்லண்ணே," என்றான்.

"அப்பறம் யாருகிட்ட?"

"நீங்க சொன்ன ஆளுகிட்டத்தான்."